திறந்த மூலமும் மூடிய சாதனமும்

கணினி ஒரே பொருள்போலத் தோன்றினும் உண்மையில் அது பல சாதனங்களின் கூட்டமே. திரையை ஒரு கம்பனி செய்கிறது. வட்டை வேறொரு கம்பனி செய்கிறது. ஒலி எழுப்பும் சில்லும், கம்பியின்றி இணையத்தோடு தொடுக்கும் சில்லும் வேறு வேறு தேசங்களிலிருந்து வருகின்றன. இவற்றையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடக்கி விற்பவரின் பெயரே மூடியின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். இச்சாதனங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிமொழி உடையது. கணினியை ஆளும் பணிசெயல் முறைமை அவற்றை ஏவல்கொள்ள வேண்டுமாயின் இருசாராரின் மொழியையும் அறிந்த ஒருவர் இடையில் நிற்றல் வேண்டும். அக்காலத்துக் கச்சேரிகளிலே துரைக்கும் குடியானவனுக்கும் நடுவே துவிபாஷி நின்றது போல என்க. இவ்வாறு இடைநின்று மொழிபெயர்க்கும் செய்நிரலே சாதனச் செலுத்தி எனப்படும். வழக்கிலே டிரைவர் என்பர்.

விண்டோஸ் முறைமையோடு மடிக்கணினியை வாங்குவோர் இச்செலுத்திகளைப் பற்றி எண்ணவேண்டிய தேவை அரிது. விற்பவரே அவற்றை உள்ளிட்டுக் கொடுத்துவிடுகிறார். லினக்ஸ் முதலிய திறந்த மூல முறைமைகளைத் தம் கையால் நிறுவ முற்பட்டவர்களுக்குத்தான் அவற்றின் அருமை தெரிந்தது. திரை ஒளிரும்; ஒலி எழாது. ஒலி எழுந்தால் இணையம் கிட்டாது. இணையமும் கிட்டிவிட்டால், மூடியை மூடியவுடன் உறங்கிய கணினி மீண்டும் விழிக்காது. இக்குறைகளை முறைமையின் குறைகளாகவே பலரும் கருதினர். ஆனால் வரலாற்றை நோக்குமிடத்துப் பெரும்பான்மையான இடங்களில் காரணம் வேறாக இருந்தமை புலனாகும். சாதனத்தைச் செய்தவர் அதன் மொழியை வெளியிட மறுத்தார். காசு கொடுத்துப் பொருளை வாங்கியவருக்கு அப்பொருளோடு பேசும் வகையை அறியும் உரிமை உண்டா என்ற வினாவே, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இவ்வரலாற்றின் உட்கிடை.

அவ்வினா முதன்முதலில் கூர்மை பெற்றது ஓர் அச்சியந்திரத்தை முன்னிட்டாகும். அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் செய்நிரலாளர் பணிபுரிந்துவந்தார். அங்கிருந்த பழைய அச்சியந்திரத்தில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். யந்திரமோ வேறொரு தளத்தில் இருந்தது. தாள் சிக்கியவுடன், அச்சுக்காகக் காத்திருப்போரின் திரைகளில் செய்தி தோன்றும்படி ஸ்டோல்மன் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். சிக்கலைத் தீர்க்க யாராவது ஒருவர் எழுந்து செல்வர், வேலை நடக்கும். 1980ஆம் ஆண்டளவில் செரொக்ஸ் கம்பனி ஆய்வுகூடத்துக்குப் புதிய ஒளியச்சியந்திரம் ஒன்றை வழங்கிற்று. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் இம்முறை மென்பொருளின் மூலக்குறிமுறை கொடுக்கப்படவில்லை. யந்திரம் மட்டுமே விளங்கிக்கொள்ளக்கூடிய எண்வடிவிலே அது வந்து சேர்ந்தது. காணேகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் மூலப்பிரதி இருப்பதாக அறிந்து, அங்குச் சென்றபோது ஸ்டோல்மன் அதனைக் கேட்டார். எவருக்கும் கொடுப்பதில்லை என வாக்குறுதி அளித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

சிறிய நிகழ்ச்சிதான். தாள் சிக்கியது பற்றி உலகம் கவலைகொள்ளவேண்டியதில்லை. எனினும் சக ஆராய்ச்சியாளர் ஒருவர், தம்மைப்போன்ற மற்றொருவருக்கு உதவுவதில்லை எனக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் நிலை வந்துவிட்டதே என்பதுதான் ஸ்டோல்மனின் உள்ளத்தில் தைத்தது. 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 27இல் குனூ என்னும் பெயருடன் முற்றிலும் சுதந்திரமான முறைமை ஒன்றை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். 1989இல் அவர் வகுத்த பொது உரிமப் பத்திரம், மென்பொருளைப் பெறுபவர் மூலத்தையும் பெறவேண்டும், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூலத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என விதித்தது. ஆக, அவ்வியக்கத்துக்கு வித்திட்டவற்றுள் ஒன்று ஒரு சாதனத்தின் மென்பொருளே என்பதை மறத்தலாகாது. தத்துவம் பின்னால் வந்தது. அச்சியந்திரம் முன்னால் வந்தது.

குனூ முறைமைக்கு வேண்டிய கருவிகள் பலவும் ஆயத்தமாயிருந்தும், சாதனங்களை நேரே ஆளும் கேர்னல் என்ற கருப்பகுதி மட்டும் அமையாதிருந்தது. அக்குறையை நிரப்பியவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவருக்கு அப்போது வயது 21. 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிவித்தலில், தாம் செய்துவருவது பொழுதுபோக்கு மட்டுமே எனவும், தம்மிடம் உள்ள வகையைச் சேர்ந்த வன்வட்டைத் தவிர வேறெதனையும் அது ஒருகாலும் ஆளமாட்டாது எனவும் அடக்கமாகக் கூறியிருந்தார். தம்மிடம் இருந்த சாதனத்துக்கு மட்டும் செலுத்தி எழுதினார். இல்லாததற்கு எழுத வழியில்லை. லினக்சின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இவ்வொரு வாக்கியமே முகவுரை எனலாம்.

சாதனங்களுக்குப் பெயரிட்டு அழைக்கும் முறையிலே நேர்ந்த ஒரு பிழையும் லினக்சின் பிறப்போடு தொடர்புடையது. தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியை அழைக்கவேண்டிய கட்டளையை, டோர்வால்ட்ஸ் ஒருநாள் தவறுதலாக மோடத்துக்குப் பதில் வன்வட்டுக்கே அனுப்பிவிட்டார். வட்டு அக்கட்டளைகளை எழுத்துக்களாகத் தன்மேல் எழுதிக்கொண்டது. அதுவரை அவர் பயன்படுத்திவந்த மினிக்ஸ் முறைமை அழிந்தது. அதனை மீண்டும் நிறுவாது, தம் சொந்த முறைமையையே மேலும் வளர்ப்பதென அவர் துணிந்தார். 1992இல் லினக்ஸ் குனூவின் பொது உரிமப் பத்திரத்தின்கீழ் வந்தது. 1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் முதற் பதிப்பு வெளியாயிற்று.

தொண்ணூறுகளில் செலுத்தி எழுதியவர்கள் பெரும்பாலும் தத்தம் தேவைக்காகவே எழுதினர். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் கொடார்ட் நிலையத்தில், 1994இல் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகிய இருவரும் சாதாரணக் கணினிகள் 16ஐ ஒன்றாய்ப் பிணைத்துப் பெருங்கணக்குகளைச் செய்விக்க முற்பட்டனர். பேயோவுல்ஃப் என அதற்குப் பெயர். பிணைப்பதற்கு வலையமைப்பு அட்டைகள் வேண்டும். அட்டைகளுக்குச் செலுத்திகள் வேண்டும். பெக்கர் அவற்றை எழுதி எல்லோருக்கும் வழங்கினார். உலகெங்கும் லினக்ஸ் பயன்படுத்தியோர் பல்லாண்டு காலம் வலையமைப்பிற் சேர்ந்தது அவர் எழுதிய செலுத்திகளின் வழியாகவே. அவ்வாறே மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகும் அட்டைகளுக்கு வேண்டிய மென்பொருளை டேவிட் ஹைண்ட்ஸ் என்பவர் ஆக்கிப் பல ஆண்டுகள் பேணிவந்தார்.

அக்காலத்தில் நிறுவுவோருக்குத் துணிவு வேண்டும். திரையில் படம் காட்டும் எக்ஸ்ஃப்ரீ86 என்னும் மென்பொருளுக்குத் திரையின் கிடை அதிர்வெண், நிலை அதிர்வெண் முதலியவற்றை நிறுவுபவரே கணக்கிட்டு எழுதிக்கொடுத்தல் வேண்டும். தவறான எண்ணை எழுதினால் திரை பழுதுபடவும் கூடும் என அதன் கையேடு எச்சரித்தது. மென்பொருளில் விட்ட எழுத்துப்பிழையால் வன்பொருள் எரிந்துபோகும் அபாயத்தோடு அன்றைய ஆர்வலர் கணினி பயின்றனர் என்பதை இன்று பலர் நம்பமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேறொரு தொல்லை முளைத்தது. மோடம் என்பது தொலைபேசிக் கம்பியில் வரும் ஒலியை எண்களாக மாற்றும் கருவி. அவ்வேலையைச் செய்யும் சில்லுகளைக் கருவியிலிருந்து நீக்கிவிட்டு, கணினியின் பிரதான செயலியே அதனைச் செய்யும்படி செலுத்தியில் எழுதிவிட்டால் செலவு குறையுமெனக் கம்பனிகள் கண்டன. வின்மோடம் என்ற பெயரில் இவை மலிவாக விற்பனைக்கு வந்தன. செலுத்தி விண்டோசுக்கு மட்டுமே உண்டு. பெட்டியின்மேல் மோடம் என்றே எழுதியிருக்கும். லினக்ஸ் கணினியில் செருகினால் அது வெறும் தகடு. விஷயம் அறிந்தவர்கள், தன்னுள்ளேயே எல்லாம் கொண்ட வெளிமோடத்தைக் கூடிய விலைக்கு வாங்கினர். அறியாதவர்கள் லினக்சைக் குறைகூறினர். மேசைக்கணினி வைத்திருந்தவர் பொருந்தாத அட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். மடிக்கணினிக்காரருக்கு அவ்வசதி குறைவு. தொழிற்சாலையில் எது பொருத்தப்பட்டதோ அதனோடுதான் வாழவேண்டும்.

மடிக்கணினிக்கு மேலும் ஓர் இடர் இருந்தது. மின்கலத்தின் அளவு, விசிறியின் வேகம், மூடியின் நிலை, உறக்கம், விழிப்பு என்பவற்றை ஆளுவதற்காக இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகிய கம்பனிகள் 1996இல் ஏ.சி.பி.ஐ. என்னும் நியமத்தை வெளியிட்டன. ஒவ்வொரு கணினியும் தன் அமைப்பை விளக்கும் அட்டவணையைத் தன்னுள்ளே சுமந்திருக்கும். முறைமை அதனை வாசித்து நடக்கும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் விற்பனையாளர் தம் அட்டவணையை விண்டோசோடு மட்டும் ஓட்டிப்பார்த்தனர். அங்கே ஓடினால் சரியென விட்டனர். சில அட்டவணைகள், நீ எந்த முறைமை என்று கேட்டு, விடைக்கேற்ப வெவ்வேறாக நடந்துகொண்டன. இதனால் லினக்ஸ், தானும் விண்டோசே என்று விடைசொல்லப் பழகிக்கொண்டது. பொய்தான், ஆயினும் மின்கலம் தெரிவதற்கும் உறக்கம் கலைவதற்கும் அப்பொய் வேண்டியிருந்தது. இன்றும் லினக்ஸ் அவ்வாறே சொல்லிவருகின்றது.

இனி, கம்பியில்லா இணைப்பின் கதை. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இன்டெல் கம்பனி சென்ரினோ என்னும் பெயரில் மடிக்கணினிக்குரிய செயலியையும் கம்பியில்லா அட்டையையும் ஒருசேர விளம்பரப்படுத்தியது. அதன்பின் வைஃபை இல்லாத மடிக்கணினி விலைபோகவில்லை. ஆனால் லினக்சுக்குரிய செலுத்தி 2004இலேதான் இன்டெல்லிடமிருந்து கிடைத்தது. புரோட்கொம் என்னும் கம்பனி செய்த சில்லுகளோ அதனினும் மோசம். பெருந்தொகையான மடிக்கணினிகளில் அவை பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் மொழி பற்றி ஒரு வரியும் வெளியாகவில்லை. வானொலி அலைவரிசைகளை அரசாங்கம் கட்டுப்படுத்துகின்றது, செலுத்தியின் மூலத்தை வெளியிட்டால் எவரும் தடைசெய்த அலைவரிசையில் ஒலிபரப்பிவிடுவர் என்பது இத்துறைக் கம்பனிகள் சில கூறிய சமாதானம். அதில் உண்மை சிறிது உண்டு. ஆயினும் பின்னாளில் அதே கம்பனிகளே மூலத்தை வெளியிட்டபோது வானலைகளில் குழப்பம் எதுவும் விளையவில்லை என்பதையும் கருதவேண்டும்.

முதலிற் பிறந்தது ஒரு குறுக்குவழி. விண்டோசுக்கென எழுதப்பட்ட செலுத்தியையே எடுத்து, அதற்கு விண்டோஸ் போன்ற பொய்ச்சூழலை அமைத்து, லினக்சின் கருவுக்குள் ஓடவைக்கும் என்டிஸ்ராப்பர் என்னும் மென்பொருள் பரவியது. பலருக்கு இணையம் கிட்டியது. ஆனால் அந்தச் செலுத்தியில் பிழை இருந்தால் கணினி முழுவதும் ஸ்தம்பிக்கும். பிழை எங்கே என எவராலும் காணமுடியாது. வேறு முறைமைக்கு எழுதிய செலுத்தியைக் கொண்டுவந்து நட்டுவிட்டால், கம்பனிகள் திறந்த செலுத்தி எழுதவேண்டிய தேவையே இல்லாமற் போய்விடும் என எதிர்த்தவரும் இருந்தனர். எதிர்த்தவர் கூற்றில் நியாயம் உண்டு. இணையமின்றித் தவித்தவரிடம் அந்நியாயத்தைச் சொல்லிப் பயனில்லை என்பதும் உண்மை.

மற்றொரு கூட்டத்தார் நீண்ட வழியைத் தேர்ந்தனர். புரோட்கொம்மின் செலுத்தியை ஆராய்வோர் ஒரு குழு. புதிய செலுத்தி எழுதுவோர் வேறொரு குழு. முதற்குழுவினர் யந்திரக்குறிகளைப் பிரித்துப் படித்து, சாதனத்தின் எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் என்ன நிகழும் என்பதைச் சாதாரண மொழியில் எழுதிவைத்தனர். இரண்டாம் குழுவினர் மூலச்செலுத்தியைக் கண்ணாலும் பாராது, அவ்விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு செலுத்தியை எழுதினர். இரு குழுவுக்கும் இடையே விளக்கவுரை ஒன்றே பாலம். பிறர் எழுத்தைக் களவாடினர் என்று நாளை ஒருவர் வழக்கிடாதிருக்கவே இத்தனை கட்டுப்பாடு. இங்ஙனம் உருவான செலுத்தி 2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான லினக்சின் 2.6.17ஆம் பதிப்பில் இடம்பெற்றது. 2008 ஜனவரியில் திருத்திய வடிவம் வந்தது. கையேடு கொடுத்திருந்தால் மிக எளிதில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது.

அத்துடன் சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. அச்சில்லு தானும் ஒரு சிறு கணினியே. அதற்குள் ஓடவேண்டிய நிலைபொருள் என்னும் செய்நிரலைச் செலுத்தி ஒவ்வொரு முறையும் ஏற்றுதல் வேண்டும். நிலைபொருள் புரோட்கொம்முக்குச் சொந்தம். அதனைப் பகிர்ந்தளிக்கும் அனுமதி எவருக்கும் இல்லை. ஆகவே லினக்ஸ் நிறுவியவர், விண்டோஸ் செலுத்தியை இணையத்திலிருந்து எடுத்து, அதற்கென ஆக்கிய கத்தரிக்கும் கருவியால் நிலைபொருளை வெட்டியெடுத்து, உரிய இடத்தில் வைக்கவேண்டும். இணையத்தொடர்புக்கு நிலைபொருள் வேண்டும். நிலைபொருளுக்கு இணையத்தொடர்பு வேண்டும். மரம் முந்தியோ வித்து முந்தியோ என்ற பழைய கேள்வி மடிக்கணினிக்குள் வந்து குடிகொண்டது. வேறொரு கணினியை இரவல் பெற்றோ, நீண்ட கம்பியொன்றால் இணைத்தோ, கையடக்கப் பேசியைத் தொடுத்தோ அக்கேள்வியைத் தீர்த்துக்கொண்டவர்கள் உலகெங்கும் ஏராளம். இத்தாலியின் பிரேசியாப் பல்கலைக்கழகத்தார் அந்நிலைபொருளுக்கும் திறந்த மாற்று ஒன்றை எழுதினர். அஃது ஒருசில சில்லுகளுக்கே பயன்பட்டது.

ஆனால் காற்று மெல்லத் திசைமாறியது. அதெரோஸ் கம்பனி தன் சில்லுகளின் நடுப்பகுதியை மூடிவைத்தே பல்லாண்டு செலுத்தி வழங்கிவந்தது. ஓபன்பிஎஸ்டி என்னும் மற்றொரு திறந்த முறைமையைச் சேர்ந்தோர் அம்மூடிய பகுதிக்கு ஈடான ஒன்றைத் தாமே எழுதிக்காட்டினர். 2008ஆம் ஆண்டு ஜூலையில் அதெரோஸ் தன் புதிய சில்லுகளுக்கு முற்றிலும் திறந்த செலுத்தியை வெளியிட்டது. 2013இல் ஒரு சில்லின் நிலைபொருள் மூலமும் வந்தது. புரோட்கொம்மும் 2010 செப்டெம்பரில் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த செலுத்தி வழங்கிற்று.

இம்மாற்றத்துக்கு உழைத்தவர்களுள் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் குறிப்பிடத்தக்கவர். 2007 ஜனவரியில் அவர் கம்பனிகளுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். சாதனத்தின் விவரத்தை மட்டும் தாருங்கள். இரகசியம் காக்க வேண்டுமாயின் அதற்கும் உடன்படுவோம். செலுத்தியை இலவசமாக எழுதி என்றென்றும் பேணுவோம் என்பது அதன் சாரம். எழுதித்தர முன்வந்தோர் மிகப்பலர். எழுதவேண்டிய செலுத்தியோ அத்தனை இல்லை என்பதை அவர்கள் கண்டது வியப்பு. பொருந்தாத சாதனங்களைப் பற்றிய குறைகூறல் பெருத்திருந்த அளவுக்கு, பொருந்தாத சாதனங்கள் இருக்கவில்லை. இன்னொரு வியப்பு 2009 ஜூலையில் நிகழ்ந்தது. பல்லாண்டு லினக்சைப் பகைத்த மைக்ரோசொப்ட், தன் மெய்நிகர்க் கணினி மென்பொருளின்மேல் லினக்ஸ் ஓடுவதற்காக, ஏறத்தாழ 20,000 வரிகள் கொண்ட செலுத்திகளைப் பொது உரிமத்தின்கீழ் வழங்கியது. அதற்கு முன்னரே அச்செலுத்திகளில் பொது உரிமத்துக்குரிய பகுதிகள் கலந்திருந்தமை வெளிப்பட்டிருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

செலுத்தியை லினக்சின் மூலத்தோடு சேர்ப்பதில் இத்துணை அக்கறை ஏன் என ஒருவர் வினவலாம். லினக்சின் கருப்பகுதி தன் உள்ளமைப்பை அடிக்கடி மாற்றும். மூலத்துள் இருக்கும் செலுத்திகளை, மாற்றுவோரே உடனுக்குடன் திருத்திவிடுவர். வெளியே நிற்கும் செலுத்தி ஒவ்வொரு மாற்றத்திலும் முறிந்துபோகும். அதனை நிறுவியவர் நேற்று வேலைசெய்த இணையம் இன்று புதுப்பித்தலின்பின் மறைந்தது கண்டு திகைப்பார். கருப்பகுதி மாறும்தோறும் செலுத்தியைத் தானே மீளத்தொகுக்கும் டி.கே.எம்.எஸ். என்னும் கருவியை டெல் கம்பனியார் 2003ஆம் ஆண்டளவில் ஆக்கியது இத்தொல்லையைக் குறைக்கவே. இன்று லினக்ஸ் கருப்பகுதியின் மூலத்திற் பாதிக்குமேல் செலுத்திகளே. தம்மிடமுள்ள வட்டைத் தவிர வேறெதனையும் ஆளாது என்று சொன்ன மாணவரின் படைப்பு அது. அவர் அன்று வைத்திருந்த 386 வகைக் கணினியோ 2013இல் வெளியான 3.8ஆம் பதிப்போடு ஆதரவு இழந்தது. பெற்ற வீட்டையே பிள்ளை மறந்துவிட்டது.

வரைகலைச் சில்லுகள் தனிக்கதை. ஏ.டி.ஐ. கம்பனியை 2006இல் வாங்கிய ஏ.எம்.டி., மறு ஆண்டு செப்டெம்பரில் தன் சில்லுகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா மூடிய செலுத்தியையே வழங்கிவந்தது. நூவோ என்ற பெயரில் ஆர்வலர் சிலர் சில்லின் நடத்தையை உளவறிந்து எழுதிய திறந்த செலுத்தி 2010இல் லினக்சிற் சேர்ந்தது. அதே காலத்தில் மடிக்கணினிகளில் இரண்டு வரைகலைச் சில்லுகளை வைத்து, வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஒப்டிமஸ் என்னும் ஏற்பாட்டை என்விடியா புகுத்தியது. லினக்சுக்கு அதற்கு வழிசெய்யவில்லை. பயனர் சிலர் பம்பிள்பீ என்ற மென்பொருளைத் தாமே ஆக்கினர். 2011இல் அதனை நிறுவும் கட்டளைத்தொடரில் ஒரு கோப்பின் பாதைக்கு நடுவே ஒரேயோர் இடைவெளி தவறுதலாக விழுந்துவிட்டது. ஒரு சிறு கோப்பை நீக்கவேண்டிய கட்டளை, அவ்விடைவெளியால் இரண்டாகப் பிரிந்து, முறைமையின் பெரும்பகுதி அடங்கிய கோப்புறை முழுவதையும் துடைத்தழித்தது. செலுத்தி நிறுவ எண்ணியவர் முறைமையையே மீள நிறுவவேண்டியதாயிற்று. எழுத்தாணி இழுக்குச் சுவடியை மட்டுமே கெடுக்கும். இவ்விழுக்கு வீட்டையே கெடுத்தது.

2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பின்லாந்தின் ஆல்ற்றோப் பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸ் பேசியபோது, அவையிலிருந்த ஒருவர் இந்த ஒப்டிமஸ் விவகாரத்தைக் கேட்டார். தாம் கண்டவற்றுள் மிக மோசமான கம்பனி என்விடியாவே எனச் சொல்லி, அவையடக்கத்துக்கு ஒவ்வாத ஒரு கைச்சைகையையும் அவர் காட்டினார். அப்படம் உலகெங்கும் பரவிற்று. சைகையை மெச்சுதற்கில்லை, கோபத்தின் காரணத்தை மறுப்பதற்கும் இல்லை. பத்தாண்டு கழிந்து, 2022 மே மாதத்தில், என்விடியா தன் செலுத்தியின் கருப்பகுதியோடு சேரும் கூறுகளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. மற்றைக் கூறுகளும் நிலைபொருளும் மூடியபடியே இருந்தன.

இதற்கிடையே வேறொரு வாயிற்காப்போனும் வந்து நின்றான். 2012இல் வெளியான விண்டோஸ் 8ஐத் தொடர்ந்து, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் பாதுகாப்பான தொடக்கம் என்னும் ஏற்பாடு மடிக்கணினிகளில் இடம்பெற்றது. தீய நிரல்களைத் தடுக்க அது பயன்படும். ஆனால் தம் கையால் தொகுத்த செலுத்தியை நிறுவும் ஒருவர், தாமே சாவியொன்றை ஆக்கிச் செலுத்திக்குக் கையொப்பமிட்டு, அடுத்த தொடக்கத்தில் தோன்றும் நீலத்திரையிற் கடவுச்சொல் கொடுத்து அச்சாவியைப் பதிந்தாலன்றிக் கணினி அதனை ஏற்காது. சொந்தவீட்டுக்குள் நுழைய உரிமையாளர் அடையாளம் காட்டும் நிலை இது.

இவ்வரலாற்றில் மிகுந்த மனப்போராட்டத்துக்கு உள்ளானோர் டெபியன் முறைமையைப் பேணுவோர் எனலாம். 1993இல் தொடங்கிய டெபியன், தன் முறைமை முற்றிலும் சுதந்திரமாகவே இருக்கும் என 1997இல் சமூக ஒப்பந்தம் ஒன்றில் உறுதிகூறியது. அவ்வுறுதிப்படி 2011 பெப்ரவரியில் வெளியான அதன் 6ஆம் பதிப்பிலிருந்து மூடிய நிலைபொருள்கள் யாவும் கருப்பகுதியிலிருந்து களையப்பட்டன. கொள்கை நிலைத்தது, மடிக்கணினியில் வைஃபை நின்றது. நிறுவும்போது, இன்ன நிலைபொருளை வேறொரு சேமிப்புக்குச்சியிற் கொண்டுவருக என்று திரை கேட்கும். நிலைபொருள் சேர்ந்த வேறு பிரதிகளும் இருந்தன; ஆனால் அவை உத்தியோகபூர்வமற்றவை எனப்பட்டு, எளிதிற் கண்ணிற்படாத மூலையில் வைக்கப்பட்டிருந்தன. பார்வையற்றோரின் நிலை இதனினும் கடினம். ஒலிச்சில்லுக்கு நிலைபொருள் இன்றேல், திரையை வாசித்துக்காட்டும் குரல் நிறுவும்போதே எழாது. திரையைக் காணமுடியாதவர், என்ன கோப்பு வேண்டுமெனத் திரை கேட்பதை எங்ஙனம் அறிவார்?

சுதந்திரத்தை வற்புறுத்தும் கொள்கை, அச்சுதந்திரத்தை நாடிவருவோரை வாசலிலேயே திருப்பியனுப்பலாமா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. வாசலைச் சிறிது திறந்தால் கம்பனிகள் இனி எதனையும் வெளியிடா என அஞ்சியோர் ஒருபுறம். நிலைபொருள் சில்லின் நினைவகத்திலே நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தால் எவரும் கேள்வி கேளாரே, வெளியிலிருந்து ஏற்றுவதால் மட்டும் அது தீட்டாகுமா எனக் கேட்டோர் மறுபுறம். 2022 ஒக்டோபரில் முடிந்த வாக்கெடுப்பில் இரண்டாஞ் சாராரின் கருத்து வென்றது. சமூக ஒப்பந்தத்திலும் அதற்கேற்ப ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் 10இல் வெளியான 12ஆம் பதிப்பு, மூடிய நிலைபொருளுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை வகுத்து, அதனை உத்தியோகபூர்வமான நிறுவற்பிரதியிலேயே சேர்த்துக்கொண்டது. எந்தச் சாதனத்துக்கு எந்த நிலைபொருள் ஏற்றப்பட்டது என்பதை அது பயனருக்குத் தெரிவிக்கின்றது. வேண்டாம் என்போர் தொடக்கத்திலேயே ஒரு சொல்லால் அதனைத் தடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு தடுத்துவிட்டு, திறந்த நிலைபொருள் கொண்ட பழைய அதெரோஸ் சில்லுடைய சிறு குச்சியொன்றைப் பக்கவாட்டிற் செருகி இணையத்திற் சேர்வோர் இன்றும் உளர்.